வியாழக்கிழமை ரத்தம்

ஜனவரி 9, வியாழன்

இந்த வருடமாவது மார்ச்சைத் தாண்டி எழுத வேண்டும். போன வருட டைரியில் பிப்ரவரிக்குப் பிறகு பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த பக்கங்கள்தான் இருக்கின்றன.

இன்று ரத்தம் கொடுத்தேன். எங்கள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் அது ஒரு வழக்கம். குழந்தைகளுக்குப் பிடுங்கும் பால் பல்லின் உள்ளே கடுகளவு சதை இருக்கும். அதிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்க்கிறோம். இந்தச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் வெள்ளையணுக்கள் கொதித்து எழுந்தால் அவற்றைச் சாந்தப்படுத்தும். சண்டை நடக்கிற வீட்டுக்குள் மதிப்பான ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் சத்தம் அடங்குமே, அப்படி. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் பல்லுக்கும் அந்தச் சாமர்த்தியம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு பிள்ளையின் பல் ஒரு பேட்ச். ஒவ்வொரு பேட்ச்சையும் சோதிக்க ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளையணுக்கள் வேண்டும்.

அந்த ஒருவர் நான்தான். ஆராய்ச்சி மாணவி அஸ்மாவுக்கு ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டாது. தலைவர் தாமோதரன் சாருக்குச் சர்க்கரை. மிச்சம் இருப்பது டெக்னீஷியன் தில்லைநாயகி, வயது நாற்பத்து மூன்று. பதிவேட்டில் என் பெயர் கிடையாது, 'ஆரோக்கியம்-1' என்று இருக்கும். ஆரோக்கியம்-2 என்று ஒருவரும் இல்லை.

அஸ்மா ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்துக் குத்துவாள். பிறகு பஞ்சை வைத்து அழுத்தியபடி ஐந்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நானே அழுத்திக்கொள்ளலாம். "நீங்க சும்மா உக்காருங்கக்கா" என்பாள். ஒரு பாக்கெட் மாம்பழ ஜூஸும் கிடைக்கும். வாரத்தில் எனக்குப் பிடித்த நாள் வியாழன்.

ஜனவரி 13, திங்கள்

எண் வந்துவிட்டது. ஸ்டெம் செல் எதுவும் சேர்க்காமல், என் வெள்ளையணுக்களை மட்டும் தூண்டிவிட்டு, எவ்வளவு பெருகுகின்றன என்று பார்த்தோம். தூண்டுவதற்கு பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கிற ஒரு பொருள். மெஷின் 940 என்றது.

"அடேயப்பா, உங்க செல்லுக்கு என்ன இவ்வளவு கோபம்!" என்றார் சார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இனி ஸ்டெம் செல் சேர்த்துப் பார்க்கும்போது அந்த எண் பாதிக்குக் கீழே, அதாவது 470-க்குக் கீழே இறங்கினால் அந்த பேட்ச் தேறியது என்று பொருள். ஒழுங்காகச் செய்தால் ஒவ்வொரு வியாழனும் ஸ்டெம் செல் இல்லாத கிண்ணங்களையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் அதற்கான சாயம் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகிறது. அதனால் இந்த 940-ஐயே வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

"ஒரே ஆளோட ரத்தம்தானே. நீங்க என்ன மாறவா போறீங்க?"

ஜனவரி 15, புதன்

அண்ணன் சிதம்பரத்திலிருந்து போன் செய்தான். பொங்கல் வாழ்த்து. நாற்பது விநாடி.

பிப்ரவரி 3, திங்கள்

பத்து நாளைக்கு அப்புறம் இன்று சிறுவாணித் தண்ணீர் வந்தது. குழாயைத் திருக விரல்கள் மடங்கவில்லை. கணுக்கள் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் மாதிரி வீங்கியிருக்கின்றன. கீழ்வீட்டம்மாவைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். பீளமேட்டுக்கு வந்து ஏழு வருடத்தில் அவரோடு பேசியதெல்லாம் கேட் சாவியைப் பற்றித்தான். மணிக்கட்டால் தள்ளித் தள்ளித் திறந்து இரண்டு குடம் பிடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

ஆய்வக ஏ.சி.யால்தான் இருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

பேட்ச் நான்கின் எண் 430. தேறியது, ஆனால் சாருக்குத் திருப்தி இல்லை. இன்னும் வீரியமான ஒன்று கிடைக்கும், பார்க்கலாம் என்கிறார். அது ஆறு வயதுப் பையன் ஒருவனின் பல். கூரைமேல் எறிய வேண்டும், கொடுக்க மாட்டேன் என்று அழுதானாம். உள்ளே இருந்த சதையை எடுத்துக்கொண்டு வெறும் பல்லை அவனிடமே கொடுத்தனுப்பினாள் அஸ்மா.

பிப்ரவரி 22, சனி

எங்கள் கல்லூரி ஆட்கள் யாரும் வராத ஒரு கிளினிக்காகப் பார்த்து, ஊரின் மறு கோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் விரல்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "உங்க எதிர்ப்பு சக்தியே உங்க மூட்டைக் கடிக்குதும்மா" என்றாள். இதே வாக்கியத்தை நான் மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

தினமும் காலையில் ஒரு ஸ்டீராய்டு. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மஞ்சள் மாத்திரை. 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஆய்வகத்தில் சொல்லப்போவதில்லை. ஜூன் மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். அதுதான் காரணம்.

வியாழக்கிழமை ரத்தத்தைப் பற்றியும் யோசித்தேன். டோஸ் குறைவுதான். வெள்ளையணுக்களைப் பிரித்த பிறகு மூன்று முறை கழுவுகிறோம். மருந்து எங்கே ஒட்டிக்கொண்டிருக்கப் போகிறது.

மார்ச் 1, சனி

விரல் மடங்குகிறது! துணி பிழிந்தேன், தேங்காய் துருவினேன், யாரும் வராத வீட்டுக்கு மூன்று வகைப் பொரியல் செய்தேன்.

மார்ச் 17, திங்கள்

பேட்ச் ஐந்து 410. ஆறு 380. இன்று ஏழு, 290! அஸ்மா என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இதுதான். சார் ஸ்வீட் வாங்கிவரச் சொன்னார். "பேட்ச்சும் நல்லா அமையுது, ரத்தமும் நல்லா அமையுது" என்றார்.

நான் மைசூர்பாகு இரண்டு சாப்பிட்டேன். இப்போதெல்லாம் அகோரப் பசி.

மார்ச் 28, வெள்ளி

பேட்ச் ஏழு ஒரு மனிதனுக்குள் போகப்போகிறது. எதிர்க் கட்டட மருத்துவமனையில் நாச்சிமுத்து என்று ஒருவர், முப்பத்து மூன்று வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ரத்தப் புற்றுநோய்க்காக அவர் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள். நோய் போய்விட்டது, ஆனால் அக்காவின் மஜ்ஜையில் பிறந்த வெள்ளையணுக்கள் தம்பியின் உடம்பை அந்நியன் என்று நினைத்து அடிக்கின்றன. தோல் உரிகிறது, குடல் புண்ணாகிவிட்டது. ஸ்டீராய்டுக்கும் அடங்கவில்லை. வேறு வழியில்லாததால் எங்கள் செல்களைச் செலுத்திப் பார்க்கச் சிறப்பு அனுமதி கேட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏப்ரல் 23.

ஏப்ரல் 8, செவ்வாய்

கேன்டீனில் எதிரே உட்கார்ந்த பெண் டீயை ஆற விட்டுவிட்டு, தன் முழங்கையின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, நீங்க அந்தப் பல்லு லேபுங்களா?" என்றாள். நாச்சிமுத்துவின் அக்கா கோகிலவாணி. முப்பத்தேழு வயது.

அக்காவும் தம்பியும் ஆறு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவள் சாதிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள், தம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. அவனுக்கு நோய் வந்தபோது அவளுடைய மஜ்ஜைதான் பொருந்தியது. உடனே வந்து கொடுத்திருக்கிறாள்.

"இப்ப எங்கம்மா என்ன சொல்றாங்க தெரியுங்களா? 'மனசுல வன்மத்த வெச்சுட்டுக் குடுத்திருக்கற, அதான் உன்ற ரத்தம் அவனக் கடிக்குது'ங்கறாங்க. ரெண்டு மாசமா எங்கூடப் பேசறதில்லீங்க. வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னுட்டாங்க."

"அப்படியெல்லாம் கிடையாதும்மா. செல்லுக்கு மனசு தெரியாது" என்றேன்.

"உங்குளுக்குத் தெரியுதுங்க. அவங்குளுக்கு யாரு சொல்றது?"

23-ஆம் தேதிக்காகக் காத்திருக்கிறாள். தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டால் அம்மா பேசிவிடுவாள் என்கிறாள். தினமும் நாலு மணிக்கு வருவாளாம். நானும் வருவதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு. ஆனாலும் நாலு மணிக்குக் கேன்டீனுக்குப் போனேன். டப்பாவில் கொஞ்சம் பாயசம். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் ரத்தம் எடுக்கும்போது அஸ்மா சொன்னாள்: "முகம் நல்லா பூரிச்சுப் பளபளன்னு இருக்குக்கா. என்ன சாப்பிடறீங்க, எனக்கும் சொல்லுங்க." சிரித்து வைத்தேன்.

நாலு மணிக்குக் கோகிலவாணியும் என் முகத்தையே பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "ஏனுங்க்கா, எந்தம்பிக்கும் மொதல்ல இப்படித்தான் மூஞ்சி உருண்டையா ஆச்சுங்க. அந்த ஸ்டீராய்டு மாத்திர குடுத்தப்ப. நீங்களும் அதச் சாப்பிடறீங்களா?"

"சேச்சே. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அவள் நம்பினாள். என்னை நம்புவதற்கு அவளுக்குக் காரணம் இருக்கிறது.

திரும்பி வந்து, அஸ்மா கிளம்பிய பிறகு, காலையில் எடுத்த என் ரத்தத்தில் மிச்சம் இருந்ததை எடுத்தேன். வெள்ளையணுக்களைப் பிரித்து, மூன்று முறை கழுவி, தூண்டிவிட்டு வைத்தேன். ஸ்டெம் செல் சேர்க்கவில்லை. சும்மா பார்க்கலாம் என்றுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

310.

மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 305.

பக்கத்தில் ஸ்டெம் செல் ஒன்றுகூட இல்லை. என் செல்கள் தாமாகவே அடங்கிக் கிடக்கின்றன. அடக்கியது பால் பல் இல்லை, நான் விழுங்குகிற மாத்திரை. மருந்தைக் கழுவலாம். மருந்து ஏற்கெனவே செய்துவிட்டுப் போன வேலையைக் கழுவ முடியுமா? இது எனக்குத் தெரியாதா?

பேட்ச் ஏழு எதையும் நிரூபிக்கவில்லை. ஐந்தும் ஆறும்கூட அப்படித்தான். நாளை மறுநாள் அதை நாச்சிமுத்துவுக்குள் செலுத்தப்போகிறார்கள்.

ஒருவேளை பேட்ச் ஏழு உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். ஒருவேளை நான் இன்று ஏதாவது தவறாகக் கலந்திருக்கலாம். நாலு மணிக்குக் கேன்டீனுக்குப் போகவில்லை. ரசம் வைத்தேன், உப்பு போட மறந்தேன், அப்படியே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22 பக்கத்தைப் புரட்டினேன். "அதுதான் காரணம்" என்று எழுதியிருக்கிறேன். பொய். ஒப்பந்தம் போனால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். வியாழக்கிழமை போய்விடும் என்றுதான் சொல்லவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் சொல்லிவிட்டேன். மாத்திரை அட்டையையும் 310 என்ற தாளையும் சாரின் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி கடைசியிலேர்ந்து சார்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "அந்த 940-அ வருஷம் பூரா வெச்சுக்கலாம்னு சொன்னது நான்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அஸ்மாதான் வார்டுக்குப் போன் செய்து நாளைக்கு வேண்டாம் என்றாள். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு வாரமும் உங்க கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேனேக்கா. அப்பக்கூடச் சொல்லத் தோணலியா?"

அவள் கையைப் பிடித்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் சொல்லத் தோன்றவே இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

பேட்ச் நான்கைச் சோதித்தது மாத்திரைக்கு முன்னால். அது மட்டும் நம்பகமானது. ஆனாலும் புதிய ஆட்களின் ரத்தத்தில் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்காமல் அனுமதிக் குழு ஒத்துக்கொள்ளாது. ஐந்து நாள் சோதனை. அதற்குப் பிறகு புது அனுமதி.

ஏப்ரல் 24, வியாழன்

பல் மருத்துவ மாணவர்கள் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். அஸ்மா பஞ்சை வைத்து அவர்களையே அழுத்திக்கொள்ளச் சொன்னாள். நான் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினேன்.

பதிவேட்டில் ஆரோக்கியம்-1 மேல் சிவப்புக் கோடு.

ஏப்ரல் 29, செவ்வாய்

பேட்ச் நான்கு இரண்டு பேரின் ரத்தத்திலும் பாதிக்குக் கீழே அடக்கியது. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் தேறவில்லை. ஏழுதான் இருப்பதிலேயே மோசம்.

நாச்சிமுத்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

மே 2, வெள்ளி

புது அனுமதி கிடைத்து, பேட்ச் நான்கு நாச்சிமுத்துவுக்குப் போனது. நானே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கு நடந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோகிலவாணி நின்றிருந்தாள். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மே 7, புதன்

காலை பதினொன்றரைக்கு நாச்சிமுத்து இறந்துவிட்டார்.

ஒன்பது நாள் முன்னாலேயே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சாரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது தில்லை. யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகையாக வந்தது, ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன்.

மே 8, வியாழன்

கோகிலவாணி கையெழுத்துப் போட்டு உடலை வாங்குவதற்காகப் பிணவறை வாசலில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே சொன்னாள்: "எங்கம்மா சொன்னதுதான் நெசமுங்க. எங்கியோ ஒரு மூலையில எனக்கு வன்மம் இருந்திருக்கும். என்ற ரத்தந்தான் அவனக் கொன்னுருச்சு."

அந்த இடத்தில் சொன்னேன். மாத்திரை, நான் மறைத்தது, தவறான பேட்ச், தள்ளிப்போன ஒன்பது நாள், அவள் நேராகக் கேட்டபோது நான் சொன்ன பொய். எல்லாம்.

பெஞ்சில் என்னைவிட்டு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கேட்டப்பவே ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா?"

"நாலு நாள் மிஞ்சியிருக்கும். பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தா ஒன்பது நாளும் மிஞ்சியிருக்கும்."

"அவன் பொழச்சிருப்பானா?"

"தெரியலைம்மா. பிழைச்சிருக்கலாம்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "இத எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்றாள். "நாஞ்சொன்னா நம்ப மாட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு வாங்க. நீங்க வந்துதான் ஆகோணும்."

மே 12, திங்கள்

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். சார் வாங்கி மேஜை அறைக்குள் வைத்தார், பிரிக்கவில்லை. அஸ்மா தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறாள். என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். 'அக்கா'வை இன்னும் விடவில்லை.

மே 18, ஞாயிறு

திருப்பூருக்கு ஏழு மணி பஸ். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வெள்ளையணு என்றால் என்ன, பால் பல் எதற்கு, 940 என்றால் என்ன, பாதிக்குக் கீழே என்றால் என்ன. வகுப்பு எடுக்கிற மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

பனியன் கம்பெனிச் சந்து ஒன்றில் ஓட்டு வீடு. கோகிலவாணி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். படியேறவில்லை. அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. நான் மட்டும் உள்ளே போனேன்.

அந்த அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மாலை போட்ட படத்தில் நாச்சிமுத்து மீசையை முறுக்கிவிட்டுச் சிரித்தார். அவருடைய நல்ல முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரி டாக்டரம்மாளுங்களா?"

"இல்லைங்கம்மா."

"அம்மா, இவங்க ஒண்ணு சொல்லோணுமாம், கேளு" என்றாள் வெளியிலிருந்து கோகிலவாணி. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுக்கி வைத்த ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மூட்டு மடங்காமல் கையை ஊன்றித்தான் உட்கார முடிந்தது.

"எனக்கு உடம்பு சரியில்லைங்கம்மா" என்றேன். "அத நான் யார்கிட்டயும் சொல்லல."

அதற்கு மேல் எளிதாக வந்தது. கால் மணி நேரம் பேசியிருப்பேன். மருந்து இருந்தது, சரியானது கையிலேயே இருந்தது, என்னால்தான் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள், என்னால்தான் நாள் போயிற்று என்றேன். உங்கள் மகள் முழு மனசோடுதான் கொடுத்தாள், யாருடைய மஜ்ஜையாக இருந்தாலும் இப்படி ஆகலாம், மனசுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்று இரண்டு முறை சொன்னேன். அவர் என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

நான் நிறுத்தினேன். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"வெயில்ல எதுக்குடி நிக்கற" என்றார். "உள்ள வா."

கோகிலவாணி படியேறினாள். நான் கையை ஊன்றி எழுந்து, அவளுக்கு வழிவிட்டு வெளியே வந்தேன்.